தோட்டத்துத் திடலில் தமிழ் நாடகம்

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் வாழும் முதியவர் ஒருவரிடம், “தோட்டத்தில் நாடகம் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரன், நல்லதங்காள் என ஏதேனும் ஒரு நாடகத்தின் பெயர் அவர் வாயில் வரக்கூடும். சிலர் பெயரோடு நிற்காமல் ஒரு பாட்டையும் பாடிக் காட்டுவர். பள்ளியில் ஓரிரு ஆண்டுகளே படித்தவர்களும், பள்ளிக்கே செல்லாதவர்களும் நீண்ட வசனங்களை மனப்பாடமாகச் சொல்லக் கேட்டவர்கள் உண்டு.

எழுத்தறியாத மக்களின் நினைவில் இவ்வளவு தமிழ் எப்படித் தங்கியது? அதைத் தங்கவைத்தது நாடக மேடை. அந்த மேடைக்கு எழுதியவர்கள் யார், அவர்களுடைய நாடகங்கள் கடல் கடந்து இத்தோட்டங்களுக்கு எப்படி வந்தன, இன்று அவை எங்கே போயின என்பதை இப்பகுதி விளக்குகிறது.

முத்தமிழில் மூன்றாவது

இயல், இசை, நாடகம் ஆகிய மூன்றையும் சேர்த்து முத்தமிழ் என்கிறோம். தமிழரிடையே மேடைக்கலை மிகப் பழமையானது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், ஆடலரங்கு 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்று அளவு கூறப்படுகிறது. அரங்கில் கட்டப்படும் மூன்று வகைத் திரைகளின் பெயர்களும் அங்கே உள்ளன.

பிற்காலத்தில் சிற்றூர்களில் தெருக்கூத்து செழித்தது. கூத்துக்குத் தனி மேடை தேவையில்லை. ஊர்ப் பொதுவிடத்தில் மக்கள் சுற்றி அமர்ந்திருக்க, இரவு தொடங்கிய ஆட்டம் விடியும்வரை நடக்கும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதியதொரு வடிவம் வந்தது. பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் குழுக்கள் பல ஊர்களுக்கும் பயணம் செய்தன. வண்ணத் திரைகள், ஆர்மோனிய இசை, பளபளக்கும் உடைகள், சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே சென்று பார்க்கும் கொட்டகை ஆகியவற்றை அவை பரப்பின. தமிழ் நாடகம் இவற்றை ஏற்றுக்கொண்டது. இதே பார்சி குழுக்கள் மலாயாவுக்கும் வந்தன. அவற்றைப் பார்த்துப் பினாங்கில் 1885ஆம் ஆண்டில் உருவானதுதான் மலாய் மக்களின் ‘பங்சாவான்’ நாடகம். ஆகவே, தமிழரின் இசை நாடகமும் மலாய் மக்களின் பங்சாவானும் ஒருவகையில் உறவுக்கலைகளே.

இரண்டு வழிகள்

1891ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ என்ற செய்யுள் நாடகம் வெளிவந்தது. அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் ‘சுகுண விலாச சபை’யைத் தொடங்கினார். ஏறத்தாழ அதே காலத்தில், உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்த 24 வயது இளைஞர் ஒருவர் தம் வேலையை விட்டுவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார். அவர்தாம் பிற்காலத்தில் ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ என்று போற்றப்பட்ட சங்கரதாஸ் சுவாமிகள்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தொடக்கத்தில் எமன், இரணியன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் நடித்தார். அவருடைய தோற்றத்தைக் கண்டு மக்கள் நடுங்கினர். அவ்வாறு ஏற்பட்ட அச்சத்தால் ஓர் உயிர் பிரிய நேர்ந்தது என்றும், அதனால் மனம் வருந்தியே அவர் வேடமிடுவதை விட்டார் என்றும் சொல்லப்படுகிறது. அதன்பின் நாடகம் எழுதுவதும் நடிகர்களைப் பயிற்றுவதுமே அவருடைய பணிகளாயின.

அக்காலத்து நடிகர்கள் பலர் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசினர். கதைக்குத் தொடர்பில்லாத கொச்சைப் பேச்சும் போட்டிப் பாட்டும் மிகுந்திருந்தன. சுவாமிகள் பாடலையும் உரையாடலையும் வரையறுத்து எழுதிக் கொடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய அவருடைய நாடகங்கள் ஊர்தோறும் பரவின. இதனால் ஒரு புதிய வசதி உண்டானது. வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நடிகர்கள் ஒத்திகை எதுவும் இல்லாமல் ஒரே மேடையில் கூடி, விடியும்வரை ‘வள்ளி திருமணம்’ நடத்த முடிந்தது. எல்லாருக்கும் தெரிந்த ஒரே பாடம் இருந்ததே காரணம். இந்த வகையை ‘ஸ்பெஷல் நாடகம்’ என்றனர். மதுரை வட்டாரத்தில் அது இன்றும் நடைபெறுகிறது.

பெரிய நடிகர்களின் கட்டுப்பாடின்மையால் சலிப்புற்ற சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தினார். 1918ஆம் ஆண்டு மதுரையில் அமைந்த அவருடைய குழுவில், ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்தவர் தி. க. சண்முகம். அச்சிறுவனுக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தாராம். சிறுவர் குழுவில் வாழ்க்கை எளிதாக இல்லை. பெற்றோரைப் பிரிந்து, ஊர் ஊராகச் சென்று, கடும் கண்டிப்புக்கு இடையே அவர்கள் வளர்ந்தனர். ஆனால், தமிழைத் திருத்தமாக ஒலிக்க அங்கே கற்றனர். எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் போன்ற நடிகர்களும் சிறுவர் நாடகக் குழுக்களில் பயின்றவர்களே.

தம் இறுதிக் காலத்தில் சுவாமிகள் வாத நோயால் தாக்குண்டு பேசும் ஆற்றலை இழந்தார். ஆயிரக்கணக்கான பாடல்களைப் பிறர் நாவில் ஏற்றியவரின் நா அசைய மறுத்தது. 1922ஆம் ஆண்டு புதுச்சேரியில் அவர் மறைந்தார். ஆனால், அவர் கற்பித்த சிறுவர்கள் அந்தப் பாடல்களைப் பாடிக்கொண்டுதான் இருந்தனர்.

பம்மல் சம்பந்த முதலியாரின் வழி வேறு. அவர் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் பணியாற்றியவர். நாடகக்காரர் என்றால் இழிவாக எண்ணிய காலத்தில், கற்றவர்களையும் அலுவலர்களையும் மேடையேற்றினார், தாமும் நடித்தார். பாட்டைக் குறைத்து உரைநடைக்கு முதன்மை தந்தார். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ அவர் கையில் ‘அமலாதித்யன்’ ஆனது. அவர் எழுதிய நாடகங்கள் 90க்கும் மேற்பட்டவை. அவற்றுள் ‘மனோகரா’ 1954ஆம் ஆண்டு திரைப்படமாகவும் வந்து புகழ்பெற்றது.

கப்பலேறி வந்த கதைகள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூரின் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாக மாறின. பால் வெட்டவும் காடு திருத்தவும் வடஆர்க்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தனர். பெரும்பாலோர் கங்காணிகளால் அழைத்துவரப்பட்டவர்கள். அவர்கள் கொண்டுவந்த பெட்டியில் பொருள் அதிகம் இருக்கவில்லை. ஆனால், ஒவ்வொரு வட்டாரத்தாரும் தத்தம் கலையை நினைவில் கொண்டுவந்தனர். வடக்கு மாவட்டங்களில் தெருக்கூத்து வேரூன்றியிருந்தது. கொங்கு வட்டாரத்தில் பொன்னர் சங்கர் கதை வழங்கியது. தெற்கே சுவாமிகளின் இசை நாடகம் பரவியிருந்தது. தமிழகத்தில் தனித்தனியே வழங்கிய இக்கலைகள் இங்கே பக்கத்துப் பக்கத்து லயங்களில் குடியேறின.

தோட்டத்து நாடகத்துக்குக் கொட்டகை கிடையாது, நுழைவுச்சீட்டும் கிடையாது. மாரியம்மன் கோவில் திருவிழாவே அதற்கு உரிய காலம். கோவிலுக்கு முன்னுள்ள திடலில் பலகையும் கம்பும் கொண்டு மேடை எழும். பகலில் மரம் சீவியவர்கள் மாலையில் ஒன்றுகூடிப் பாடம் கேட்பர். பாடம் சொல்லித் தருபவரை ‘வாத்தியார்’ என்பர். அவர் ஒவ்வோர் அடியாகப் பாட, நடிப்பவர்கள் திருப்பிப் பாடி மனத்தில் பதித்துக்கொள்வர். படிக்கத் தெரியாதவரும் இவ்வாறு இராஜபார்ட் வேடம் ஏற்க முடிந்தது. பெண் வேடங்களையும் பெரும்பாலும் ஆண்களே ஏற்றனர். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுக்கும் தொழிலாளி, திருவிழா இரவில் அயோத்தி மன்னனாக மேடையில் நிற்பார்.

எந்தக் கதைகள் விரும்பப்பட்டன என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அரிச்சந்திரன் கடனைத் தீர்ப்பதற்காக மனைவியையும் மகனையும் விற்று, தன்னையும் விற்றுச் சுடுகாட்டில் காவல் காத்தவன். முன்பணம் பெற்று, அதைக் கழிப்பதற்காகவே உழைத்த மக்களுக்கு அது வெறும் புராணக் கதையாகத் தோன்றியிருக்குமா? நல்லதங்காள் பஞ்சத்தால் பிறந்த வீட்டை நாடிச் சென்று, அங்கும் சோறு கிடைக்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்தவள். 1876ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் பஞ்சத்தையும் அதன் பின்வந்த வறட்சிகளையும் அறிந்த குடும்பங்களின் வாரிசுகள், அவள் பாடும் ஒப்பாரியைத் தங்கள் வீட்டுச் செய்தியாகவே கேட்டிருப்பர். நாடகம் அவர்களுக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. சொல்ல முடியாத துயரத்தைச் சொல்லவும், சேர்ந்து அழவும், பபூனின் வேடிக்கையில் சேர்ந்து சிரிக்கவும் அது இடம் தந்தது.

பழைய கதை, புதிய குரல்

பழைய கதைக்குள் புதிய கருத்தையும் வைக்கலாம் என்பதை நடிகர்கள் கண்டுகொண்டனர். இதற்குச் சிறந்த சான்று தியாகி விசுவநாததாஸ். வள்ளி தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் காட்சியில், வெள்ளைக் கொக்குகளை விரட்டும் பாட்டு ஒன்று இடம்பெறும். அது வெள்ளையரை வெளியேறச் சொல்லும் பாட்டு என்பது எல்லாருக்கும் புரிந்தது. அத்தகைய பாடல்களுக்காக விசுவநாததாஸ் பலமுறை சிறை சென்றார். 1940ஆம் ஆண்டின் கடைசி நாளில், சென்னையில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையில் மேடையிலேயே உயிர்நீத்தார்.

பிறகு சீர்திருத்த நாடகங்கள் வந்தன. சி. என். அண்ணாதுரை ‘வேலைக்காரி’, ‘ஓர் இரவு’ போன்ற நாடகங்களில் சாதி ஏற்றத்தாழ்வையும் பண ஆணவத்தையும் கேள்விக்குள்ளாக்கினார். அரசரும் தேவரும் நின்ற மேடையில் வேலைக்காரப் பெண் நின்றாள். மலாயாவிலும் சீர்திருத்த எண்ணம் வளர்ந்திருந்தது. ‘தமிழ் முரசு’ இதழை நடத்திய கோ. சாரங்கபாணியின் முயற்சியால் 1952 முதல் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. பேச்சு, பாட்டு, நாடகம் ஆகியவை அவ்விழாவில் இடம்பெற்றன. கோவில் திடலோடு பள்ளி மண்டபமும் மேடையாகியது. வானொலி நாடகங்கள் லயத்து வீடுகளுக்குள்ளேயே நுழைந்தன.

இன்னொரு மக்களின் மேடை

புலம்பெயர்ந்த மக்கள் நாடகத்தை உடன் எடுத்துச் செல்வது தமிழருக்கு மட்டும் உரியதன்று. கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களின் பேச்சுமொழி யிட்டிஷ். 1876ஆம் ஆண்டு ருமேனியாவின் யாசி நகரில் ஆபிரகாம் கோல்ட்ஃபாடன் என்பவர் அம்மொழியில் ஒரு தொழில்முறை நாடகக் குழுவை அமைத்தார். பாடகர்களை நடிகர்களாக்கி, அவர்களுக்கான பாடல்களையும் கதைகளையும் அவரே எழுதினார். 1883இல் ரஷ்யப் பேரரசு யிட்டிஷ் நாடகத்தைத் தடை செய்தது. நடிகர்கள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கப்பலேறினர்.

நியூயார்க்கில் தையற்கூடங்களில் உழைத்த ஏழைத் தொழிலாளிகளே அந்நாடகத்தின் இரசிகர்கள். ஜேக்கப் கோர்டின் என்ற நாடகாசிரியர் 1892இல் ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ கதையை ஒரு யூதக் குடும்பத்தின் கதையாக மாற்றி எழுதினார். பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதிய தந்தையைக் கண்ட பார்வையாளர்கள், மறுநாள் வங்கிக்குச் சென்று ஊரிலிருக்கும் பெற்றோருக்குப் பணம் அனுப்பினார்கள் என்று ஒரு செய்தி வழங்குகிறது. கோல்ட்ஃபாடனின் பணியில் நம் சுவாமிகளின் சாயலும், கோர்டினின் பணியில் சம்பந்த முதலியாரின் சாயலும் தெரிகின்றன அல்லவா?

ஆனால், அந்த மேடைக்குப் பெருந்துயரம் நேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றனர். அவர்களுள் பெரும்பாலோர் யிட்டிஷ் பேசியவர்கள். அமெரிக்காவில் இருந்தவர்களின் பிள்ளைகளோ ஆங்கிலத்துக்கு மாறினர். நாடக ஏடுகள் நூலகங்களில் இருந்தன. கேட்டுச் சிரிக்கவும் அழவும் ஆள் குறைந்தது. இருப்பினும், 1915இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ஒரு யிட்டிஷ் நாடகக் குழு இன்றும் இயங்கி வருகிறது. புதியவர்களுக்கு அம்மொழியைக் கற்பித்தும், மேடையில் மொழிபெயர்ப்பைக் காட்டியும் அது நாடகங்களை நடத்துகிறது.

கூட்டம் கலைந்த பிறகு

தமிழரின் தோட்ட மேடைக்கு அத்தகைய கொடுமை நேரவில்லை. எனினும், அதுவும் தன் கூட்டத்தை இழந்தது. 1917ஆம் ஆண்டு கோல சிலாங்கூர் மாவட்டத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது. காலப்போக்கில் இரப்பர் இருந்த இடங்களைச் செம்பனை பிடித்துக்கொண்டது. நாள்தோறும் பால் வெட்ட வேண்டிய இரப்பருக்குத் தேவைப்பட்ட அளவுக்குச் செம்பனைக்கு ஆள் தேவையில்லை. பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் இடிக்கப்பட்டபோது, ஒரே வரிசையில் வாழ்ந்த குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம், ரவாங், கோலாலம்பூர் எனப் பிரிந்து சென்றன. அரிச்சந்திரனாக நடித்தவர் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கும், சந்திரமதியாக நடித்தவர் வேறொரு நகருக்கும், ஆர்மோனியம் வாசித்தவர் மற்றோர் ஊருக்கும் போய்ச் சேர்ந்தால் நாடகம் எப்படி நடக்கும்? திரைப்படமும் தொலைக்காட்சியும் நாடகத்தைப் பின்னுக்குத் தள்ளின என்பது உண்மையே. ஆயினும், கூடி வாழ்ந்த மக்கள் பிரிந்ததே பேரிழப்பு.

சுவாமிகளின் நாடகங்கள் அச்சில் உள்ளன. சம்பந்த முதலியாரின் நாடகங்களும் உள்ளன. ஆனால், நம் தோட்டத்து வாத்தியார்கள் அவற்றில் செய்த மாற்றங்களும், பபூன்கள் தோட்ட வாழ்வைப் பற்றிச் சொன்ன வேடிக்கைகளும், உள்ளூரில் இயற்றிச் சேர்த்த பாடல்களும் பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. அவை முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளன. ஒரு முதியவர் மறையும்போது, அச்சேறாத ஒரு நாடகமும் அவரோடு மறைந்துவிடுகிறது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் முதியவரிடம் அவர் பார்த்த அல்லது நடித்த நாடகத்தைப் பற்றிக் கேட்பது. எந்தத் தோட்டம், எந்தத் திருவிழா, யார் எந்த வேடம், எந்தப் பாட்டு என்று குறிப்பெடுக்கலாம். அவர் ஒப்புதலுடன் கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்யலாம். இரண்டாவது, அவ்வாறு கிடைத்த ஒரு காட்சியைப் பள்ளியில் நடிப்பது. தோட்டங்கள் மறைந்த பின்னும் பல தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன. அப்பெயர் தாங்கிய மண்டபத்தில் ஒரு பழைய காட்சி மீண்டும் அரங்கேறுவது பொருத்தமே.

அந்த நாளில், உங்களுக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுத்த முதியவரை முன்வரிசையில் அமர்த்துங்கள். ஓரடியை நீங்கள் மறந்து தயங்கினால், அடுத்த அடி முன்வரிசையிலிருந்து வரும்.